‘மிஸ், நீங்க ஏன் மாத்திரை போட்டுக்கலை?’ - நாள்பட்ட குடல் நோயும் சத்து மாத்திரைகளும்

கவரைப்பேட்டை அருகில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். வாரம் ஒருநாள் மதிய உணவு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது என் பொறுப்பு. கையில் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது, நம் கண் முன்னே விழுங்க வைக்க வேண்டும். ஆசிரியரும் உடன் சேர்ந்து போட்டுக்கொண்டால் பிள்ளைகளின் பயம் போகும் என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு ஒருநாள், மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவி கேட்டாள்: “மிஸ், எங்களை மட்டும் முழுங்கச் சொல்றீங்க. நீங்க ஏன் ஒருநாள்கூடப் போட்டுக்கலை?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். “எனக்கு வயசாயிடுச்சும்மா” என்று ஏதோ சொன்னேன். அன்று மாலை ரயிலில் வீடு திரும்பும்போது அந்தப் பதில் உறுத்தியது. உண்மையான காரணம் வேறு. எனக்குப் பதினொரு ஆண்டுகளாக ‘அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்’ என்னும் பெருங்குடல் அழற்சி நோய் இருக்கிறது. நோய் கிளம்பியிருக்கும் காலத்தில் வாய்வழி இரும்பு மாத்திரை வேண்டாம் என்பது என் மருத்துவரின் அறிவுரை. பள்ளியில் இது யாருக்கும் தெரியாது. தெரியவிடவில்லை.

அந்த மாணவிக்குச் சொல்லாமல் விட்ட பதில்தான் இந்தக் கட்டுரை.

இது சாதாரண ‘அல்சர்’ இல்லை

‘வயிற்றில் பிரச்சினை’ என்றாலே நம் ஊரில் ‘அல்சர்’ என்பார்கள். நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்தது என்று முடிவும் கட்டிவிடுவார்கள். இரைப்பைப் புண் வேறு, குடல் அழற்சி நோய் வேறு. நம் உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே குடல் சுவரைத் தாக்குவதால் உண்டாவது குடல் அழற்சி. இதில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. பெருங்குடலின் உட்புறத்தை மட்டும் தாக்குவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வாய் முதல் ஆசனவாய் வரை எந்த இடத்தையும், குடல் சுவரின் முழுத் தடிமனையும் தாக்கக்கூடியது குரோன்ஸ் நோய். இரண்டும் தொற்றுநோய் அல்ல. முழுமையாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் மருந்துகளால் ஆண்டுக்கணக்கில் அடக்கி வைக்க முடியும். அடங்கியிருக்கும் காலமும் கிளம்பும் காலமும் மாறி மாறி வரும்.

கிளம்பும் காலம் எப்படி இருக்கும் என்பதை ஒரே எடுத்துக்காட்டில் சொல்கிறேன். நான் தினமும் திருவொற்றியூரில் மின்ரயில் ஏறி கவரைப்பேட்டையில் இறங்குகிறேன். அந்த ரயிலில் கழிப்பறை கிடையாது. எனவே காலை உணவை நிறுத்தினேன். பிறகு தண்ணீரைக் குறைத்தேன். பால், தயிர், முட்டை, பழவேற்காட்டு மீன் என்று ‘ஒத்துக்கொள்ளாதோ’ என்ற பயத்தில் ஒவ்வொன்றாகக் கைவிட்டேன். நோய் ஒரு பங்கு சத்தைத் திருடியது; என் பயம் இன்னொரு பங்கைத் திருடியது. அந்த வெற்றிடத்தில்தான் சத்து மாத்திரைகளும் சத்து மாவுகளும் வந்து அமர்ந்தன.

எந்தச் சத்து, எந்த இடத்தில்?

வகுப்பில் செரிமான மண்டலம் நடத்தும்போது சிறுகுடலை ஒரே குழாயாக வரைந்து, ‘இங்கே உணவு உறிஞ்சப்படுகிறது’ என்று ஓர் அம்புக்குறி போட்டு முடித்துவிடுகிறோம். உண்மையில் ஒவ்வொரு சத்துக்கும் தனித்தனி வாசல் இருக்கிறது. இரும்புச்சத்து பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் உறிஞ்சப்படுகிறது. ஃபோலிக் அமிலத்துக்கு அதற்கு அடுத்த பகுதி முக்கியமானது. வைட்டமின் பி12 இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்தின் துணையோடு சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை பயணம் செய்து அங்கேதான் உள்ளே நுழைகிறது. பெருங்குடலின் பெரிய வேலை, தண்ணீரையும் உப்புகளையும் மீட்டெடுப்பது.

இந்த வரைபடம் மனதில் இருந்தால், ‘எல்லாருக்கும் ஏற்ற ஒரே சத்து மாத்திரை’ என்ற விளம்பரம் ஏன் பொருந்தாது என்பது புரியும். குரோன்ஸ் நோயால் சிறுகுடலின் கடைசிப் பகுதி பாதிக்கப்பட்டவருக்கோ, அப்பகுதி அறுவை சிகிச்சையில் நீக்கப்பட்டவருக்கோ பி12 குறையும். அவருக்கு ஊசி தேவைப்படலாம். என்னைப் போன்ற பெருங்குடல் நோயாளிக்கு பி12 வாசல் நன்றாகவே இருக்கிறது. எனக்கு அது குறைந்ததற்குக் காரணம், மீனையும் முட்டையையும் பாலையும் நானே நிறுத்தியதுதான். எனக்கு இரும்பு குறைந்தது குடல் புண்ணிலிருந்து கசிந்த இரத்தத்தால். ஸ்டீராய்டு மருந்து நீண்ட நாள் எடுத்தவருக்கு எலும்பு பலவீனமாகும் என்பதால் கால்சியமும் வைட்டமின் டியும் கொடுப்பார்கள். குறைபாட்டின் பெயர் ஒன்றாக இருந்தாலும் அது வந்த வழி வேறு. வழி தெரிந்தால்தான் ஈடுகட்ட முடியும்.

இதோடு மருந்தும் சேர்ந்துகொள்கிறது. எனக்கு முதலில் கொடுக்கப்பட்ட சல்ஃபாசலசின் என்ற மருந்து, ஃபோலிக் அமிலம் உறிஞ்சப்படுவதைத் தடுக்கக்கூடியது. அதனால் தினமும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமில மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். நம் மாணவிகளின் நீல மாத்திரையில் இருப்பது 500 மைக்ரோகிராம். எனக்குக் கொடுத்தது அதைப்போல் பத்து மடங்கு. ஒரே பொருள், ஒருவருக்கு வாரம் ஒருமுறை தரும் தடுப்பு, இன்னொருவருக்கு அன்றாட ஈடு.

சென்னையில் படித்த ஒரு நோயாளி

இந்த ஃபோலிக் அமிலத்துக்கும் நம் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. வகுப்பில் சொல்லத் தகுந்த கதை அது.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் பீமாவரத்தில் பிறந்தவர். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தார். அவருடைய சகோதரர் இருவர் அடுத்தடுத்த சில நாட்களில் இறந்தனர். காரணம் ‘ஸ்ப்ரூ’ எனப்படும் நாள்பட்ட குடல் நோய். கிராணி என்று நம் பெரியவர்கள் சொல்லும் நோய்களுள் அடங்கக்கூடியது. ஓயாத பேதி, நாக்கில் புண், இரத்தசோகை, உடல் உருகிப்போதல் ஆகியவை இதன் அடையாளங்கள். சுப்பாராவும் அதே நோயில் விழுந்தார். ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் எழுந்தார். பிறகு சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராகவும் இருந்தார்.

1920களில் அமெரிக்கா சென்ற அவர், பின்னாளில் லெடர்லி ஆய்வகத்தில் ஆராய்ச்சித் தலைவரானார். அதற்கு முன்பே பம்பாயில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், கருவுற்ற ஆலைத் தொழிலாளப் பெண்களின் ஒருவகை இரத்தசோகை ஈஸ்ட் சாற்றால் தீர்வதைக் கண்டு 1931இல் வெளியிட்டிருந்தார். ஈஸ்டில் இருந்த அந்தப் பொருள் எது என்பதுதான் கேள்வி. சுப்பாராவின் குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அவ்வகை இரத்தசோகைக்கும் ஸ்ப்ரூவுக்கும் அது மருந்தானது. சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கு உதவும் பொருளைத் தம் ஆய்வகத்திலேயே கண்ட அவர், 1948இல் மறைந்தார்.

கதை இங்கே முடிந்தால் இனிமையாக இருக்கும். ஆனால் பாடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. பி12 குறைவாலும் அதே மாதிரி இரத்தசோகை வரும். அப்போது ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறிவிடும். ஆனால் நரம்புச் சிதைவு உள்ளே தொடரும். இரத்த அறிக்கை நன்றாக இருக்க, கால்கள் மரத்துப்போகும். ஸ்ப்ரூவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் ஆகியோர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர். அந்த நோய்க்கான சிகிச்சையில் ஃபோலிக் அமிலத்தோடு பி12, நுண்ணுயிர்க் கொல்லி ஆகியவையும் இடம்பெற்றன. சத்து என்பது நல்லதுதான். ஆனால் எது குறைகிறது என்று அளக்காமல் கொடுத்த சத்து, நோயை மறைத்துவிடக்கூடும்.

என் தவறு

இவ்வளவும் இப்போது சொல்கிறேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் நான் செய்தது வேறு.

நோய் அடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. ரயிலில் உடன் வரும் ஒரு தோழி, வயிற்றைச் சுத்தம் செய்யும் மூலிகைச் சத்து மாவு என்று ஒரு டப்பாவைக் கொடுத்தார். கெட்ட எண்ணம் இல்லை. அவருக்கு மலச்சிக்கல் தீர்ந்திருந்தது. ‘இயற்கையானது, பக்க விளைவு இல்லை’ என்று அட்டையில் எழுதியிருந்தது. தினம் தினம் மாத்திரை விழுங்கிச் சலித்திருந்த எனக்கு அந்த வரி பிடித்துப்போனது. மாவைத் தொடங்கினேன். மருத்துவரிடம் கேட்காமல் மெசலமின் மாத்திரையை நிறுத்தினேன்.

மூன்றாவது வாரத்தில் இரத்தம் போகத் தொடங்கியது. ஹீமோகுளோபின் 8.2க்கு இறங்கியது. படியேறினால் மூச்சு வாங்கியது. கரும்பலகையில் எழுதும்போது கை நடுங்கியது. மருத்துவர் அந்த டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, பொருள்பட்டியலைப் படித்தார். அதில் நிலாவரை இருந்தது. நிலாவரை நெடுங்காலமாக அறியப்பட்ட பேதி மூலிகை. மலச்சிக்கல்காரருக்கு மருந்து; புண்பட்ட பெருங்குடலுக்கு எரிகிற வீட்டில் எண்ணெய். மருந்தையும் நிறுத்தியிருந்ததால் நோய் முழு வேகத்தில் திரும்பியிருந்தது.

இரும்பை நரம்பு வழியாக ஏற்றினார்கள். ‘மாத்திரையாகவே கொடுக்கலாமே?’ என்று கேட்டேன். மருத்துவர் விளக்கினார். உடலில் அழற்சி இருக்கும்போது கல்லீரல் ‘ஹெப்சிடின்’ என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது குடலில் இரும்பு நுழையும் வாசலை மூடிவிடுகிறது. உறிஞ்சப்படாத இரும்பு குடலிலேயே தங்கி, வலியையும் பேதியையும் கூட்டலாம். அதனால்தான் நோய் கிளம்பியிருக்கும்போதும், ஹீமோகுளோபின் 10க்குக் கீழே இருக்கும்போதும் நரம்பு வழி இரும்பையே முதலில் கருதுகிறார்கள். இன்னொன்றும் சொன்னார். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை, அழற்சி இருக்கும்போது பொய்யாக உயர்ந்து காட்டும். அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து ‘இரும்பு போதுமானது’ என்று நாமே முடிவு செய்யக் கூடாது.

டப்பாவின் பின்பக்கம்

அன்று முதல் எந்தச் சத்துப் பொருளையும் முன்பக்கம் பார்த்து வாங்குவதில்லை. நம் நாட்டில் இவற்றுக்கு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் ஒழுங்குமுறை விதிகள் உள்ளன. அந்த விதிகளின்படி இவை உணவு வகையைச் சேர்ந்தவை, மருந்து அல்ல. ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற பொருள்பட அட்டையில் அச்சிட்டிருக்க வேண்டும். நோயைக் குணமாக்கும் என்று உரிமை கோரக் கூடாது. அட்டையில் இருக்கும் 14 இலக்க உரிம எண், தயாரிப்பாளர் பதிவு பெற்றவர் என்பதைத்தான் சொல்கிறது. அந்தப் பொருள் நம் நோய்க்கு உதவும் என்று சொல்வதில்லை.

குடல் நோயாளிகள் அடிக்கடி கேட்கும் பொருள்கள் சிலவற்றைப் பற்றி:

வைட்டமின் டி: 60,000 அலகு கொண்ட பொட்டலம் அல்லது மாத்திரையைப் பொதுவாக வாரம் ஒன்றாகக் குறிப்பிட்ட வாரங்களுக்கு எழுதுவார்கள். தவறிப்போய் தினமும் சாப்பிட்டால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். தண்ணீரில் கரையும் வைட்டமினைப் போல இது எளிதில் வெளியேறாது.

கால்சியம்: இரும்பு மாத்திரையோடு ஒரே நேரத்தில் வேண்டாம். ஒன்று மற்றொன்றை உறிஞ்சவிடாது. ஒன்று காலை, ஒன்று இரவு என்று பிரித்துக்கொள்ளலாம்.

மஞ்சள்: குழம்பில் போடும் மஞ்சள் உணவு. குர்குமின் மாத்திரை வேறு. லேசான பெருங்குடல் அழற்சியில் வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்த சில ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறது. மருந்துக்குப் பதிலாக அல்ல. மிளகுச் சாறு சேர்த்து உறிஞ்சுதலைக் கூட்டிய மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததும் பதிவாகியிருக்கிறது.

நல்ல நுண்ணுயிர் மாத்திரைகள்: சில கலவைகள் பெருங்குடல் அழற்சியில் உதவக்கூடும், குரோன்ஸ் நோயில் தெளிவான பலன் நிறுவப்படவில்லை. ஒத்துக்கொண்டால் தயிர் நல்ல உணவு. அது சிகிச்சை ஆகாது.

இசப்கோல் போன்ற நார்ப்பொருள்: சிலருக்கு உதவும். குரோன்ஸ் நோயால் குடல் குறுகியிருப்பவருக்கு அடைப்பை உண்டாக்கலாம்.

அதிக அளவு வைட்டமின் சி, மக்னீசியம், சர்க்கரை இல்லாத இனிப்பு வில்லைகளில் உள்ள சார்பிட்டால்: இவை நலமான வயிற்றையே கலக்கக்கூடியவை. பேதி வந்தால் ‘நோய் திரும்பிவிட்டது’ என்று அஞ்சுவதற்கு முன், புதிதாக என்ன சாப்பிட்டோம் என்று பார்க்க வேண்டும்.

முடி உதிர்வுக்கு எடுக்கும் பயோட்டின்: தைராய்டு போன்ற சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவை மாற்றிக் காட்டும். பரிசோதனைக்கு முன் சொல்லிவிட வேண்டும்.

நான் இப்போது நான்கு பழக்கங்களை வைத்திருக்கிறேன். பரிசோதனையில் குறைவு தெரிந்தால் மட்டும் ஈடு. ஒரு நேரத்தில் ஒரு புதிய பொருள் மட்டும். தொடங்கிய தேதியையும் நிறுத்த வேண்டிய தேதியையும் நாட்குறிப்பில் எழுதுவது. மருத்துவரிடம் போகும்போது எல்லா டப்பாக்களையும் ஒரு பையில் எடுத்துப் போவது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கியதும் அந்தப் பையில் இருக்கும். கைவிட்ட உணவுகளையும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தேன். முட்டையும் மீனும் ஒத்துக்கொண்டன. பால் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. தயிர் சிறிதளவு ஒத்துக்கொள்கிறது.

மாத்திரை நாளில் நம் வகுப்பறை

நம் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த வார மாத்திரை பாதுகாப்பானது, தேவையானது. என் அனுபவத்தைப் படித்து யாரும் அதை நிறுத்திவிடக் கூடாது. 5 முதல் 9 வயதுக்கு இளஞ்சிவப்பு மாத்திரை. அதில் 45 மில்லிகிராம் இரும்பு, 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். 10 முதல் 19 வயதுக்கு நீல மாத்திரை. 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். வெறும் வயிற்றில் வேண்டாம், உணவுக்குப் பின் கொடுக்க வேண்டும். மாத்திரை போட்ட உடனே டீ, காபி குடித்தால் இரும்பு வீணாகும். எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவை அதை உறிஞ்ச உதவும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படத் தேவையில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி வதந்தி குறையும்.

ஆனால் ஒரு பிள்ளை ‘எனக்கு ஒத்துக்கலை’ என்று சொன்னால், முதலில் அதை அடம் என்று எண்ண வேண்டாம். குடல் நோய், தலசீமியா போன்ற இரத்த நோய், நீண்டகால மருந்து இவற்றில் ஏதேனும் இருக்கிறதா என்று பெற்றோரிடம் தனியே கேட்டு, மருத்துவரின் சொல்படி நடக்க வேண்டும். அன்று காய்ச்சலோ பேதியோ இருந்தால் மாத்திரையை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைக்கலாம்.

சில அறிகுறிகளைக் கண்டால் எந்தச் சத்து மாவும் வாங்கச் சொல்லாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் நீளும் பேதி, தூக்கத்தை எழுப்பும் வயிற்றுவலி, எடை குறைதல், வயதுக்கேற்ற வளர்ச்சி நின்றுபோதல் ஆகியவை அவை. பள்ளிக்கு வரும் சிறார் நலப் பரிசோதனைக் குழுவிடமும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காட்டலாம். 104 என்ற எண்ணில் ஆலோசனையும் பெறலாம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஒருநாள் விடுப்பு என்பது ஒருநாள் கூலி. அதனால்தான் பலர் முதலில் கடையில் டானிக் வாங்குகிறார்கள். ‘எங்கே போக வேண்டும், எதைச் சொல்ல வேண்டும்’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அந்த ஒருநாள் வீணாகாது.

இன்னொன்று, செலவே இல்லாதது. கழிப்பறைக்குப் போகக் கை தூக்கும் பிள்ளையிடம் ‘இப்பத்தானே போனே?’ என்று கேட்காமல் இருப்பது. குடல் நோய் உள்ள பிள்ளைக்கு இரண்டு நிமிடத் தாமதம் ஒரு வாழ்நாள் அவமானம் ஆகிவிடும். இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

அடுத்த வார மாத்திரை நாளில் வகுப்புக்குப் பதில் சொன்னேன். “எனக்குக் குடலில் ஒரு நோய் இருக்கு. அது கிளம்பியிருக்கும்போது இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்காது. அதனால டாக்டர் எனக்கு வேற வழியில இரும்புச்சத்து கொடுக்கிறார். உங்களுக்கு இது தேவை, போட்டுக்கோங்க.” யாரும் சிரிக்கவில்லை. கேள்வி கேட்ட மாணவி மாத்திரையை விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

வகுப்பு முடிந்ததும் கடைசி வரிசை மாணவி ஒருத்தி தயங்கி நின்றாள். “மிஸ், எனக்கும் ரெண்டு மாசமா ரத்தம் போகுது. அம்மாகிட்டச் சொல்லலை” என்றாள்.

மறுநாள் அவளுடைய அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொன்னேன். தாளில் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். கடையில் வாங்கி வைத்திருந்த டானிக் புட்டியையும் மருத்துவரிடம் மறக்காமல் எடுத்துப் போகச் சொன்னேன்.